ஏழாம் படுக்கைக்குப் போன பை

என் அக்கா படித்த கோடைப் பள்ளியிலிருந்து போன மாதம் ஒரு படிவம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டதாம். அங்கே படித்ததால் உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று கேட்டு, பதில் எழுத இரண்டு அங்குல இடம் விட்டிருக்கிறார்கள். அக்கா அதை அலமாரியில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குத்தான் வயிறு எரிகிறது. இரண்டு அங்குலத்தில் அடங்குகிற சமாசாரமா அது?

உண்மையில் நாங்கள் இரண்டு பேருமே தேர்வாகித்தான் போனோம். அவளுக்குப் பதினாறு, எனக்குப் பதினைந்து. நாலு வாரம், இருபத்தாறு பிள்ளைகள். பகலெல்லாம் கணக்கும் ஆய்வுக்கூடமும். அதெல்லாம் சரி. சாயங்காலம் வட்டமாக உட்காரவைப்பார்கள். அன்றைக்குத் தான் செய்த தப்பு ஒன்றை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்தவர் தப்பை மட்டும் சொல்லவே கூடாது, அது அவரவர் சொல்ல வேண்டியது. என் முறை வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் வயிற்றுவலி என்று உருண்டு புரண்டு, அப்பாவை வரவழைத்து வீடு வந்து சேர்ந்தேன். அக்கா அங்கேயே இருந்தாள். இத்தனைக்கும் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிக்கொள்கிற ஆள் அவள்.

திரும்பி வந்தவள் வேறு மாதிரி. "அம்மா, பாலைப் பொங்கவிட்டது நான்தான்" என்று கேட்காமலே சொல்வாள். அத்தான் முதல்முதலாகப் பேச வந்த அன்றே, "போன வாரம் குக்கரை வெடிக்கவெச்சேன், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்" என்றாள். பாவம் மனுஷர், அதற்கப்புறமும் கட்டிக்கொண்டார். அவளோடு படித்தவர்களும் அதே ரகம்தான். கட்டட மேற்பார்வை பார்க்கிற ஒருவர், தான் நிறுத்திய தூண் சாய்ந்திருக்கிறது என்று தானே போய்ச் சொல்லி, ஒரு வருஷம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்ளப் பள்ளிக்கூடமே நடத்துகிறார்கள் என்று நான் கேலி செய்வேன்.

அக்கா ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் வேலை செய்கிறாள். நான் அதே ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுப்பவள். அங்கே அவளுக்கு 'வாக்குமூலம்' என்று பட்டப்பெயர். வைத்தது நான்தான்.

நோயாளி பக்கத்தில் நின்று, ரத்தம் எடுத்த பிறகுதான் குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்ட வேண்டும் என்பது விதி. காலையில் முப்பது பேர் காத்திருந்தால் யார் அப்படி நின்று ஒட்டுவது? காலிக் குழாய்களிலேயே சீட்டை ஒட்டி அடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அப்படி ஒரு நாள் அவசரத்தில், ரத்தம் எடுத்தவர் போட வேண்டிய கையெழுத்தையும் போடாமல் விட்டுவிட்டேன்.

பதினோரு மணி இருக்கும். அடுத்த குழாய்களைக் கொடுக்க நான் ரத்த வங்கிக்குப் போயிருந்தேன். அக்கா எட்டாம் படுக்கைக் குழாயைச் சோதித்துவிட்டு, அந்த நோயாளியின் போன வருஷத்து அட்டையைப் பார்த்தாள். அட்டையில் பி வகை. குழாயில் ஓ வகை. மறுபடி சோதித்தாள். ஓ தான்.

"ஏழையும் எட்டையும் நீதானே எடுத்தே?" என்றாள்.

ஏழாம் படுக்கைக் குழாய் பி என்று வந்து, அதற்குப் பொருத்தமான பை பத்து நிமிஷம் முன்னால்தான் மேலே போயிருந்தது. குழாய்கள் மாறியிருந்தால் ஏழாம் படுக்கை அம்மாதான் ஓ வகை. ஓ வகை உடம்பில் பி ரத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

"அக்கா, பை காலாவதியாயிடுச்சுன்னு சொல்லித் திருப்பி வாங்கிடலாம். யாருக்கும் தெரியாது. உன் கால்ல விழறேன்."

அதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள். "ஏழாம் படுக்கைப் பையை நிறுத்துங்க. ரத்த மாதிரி மாறிப்போச்சு. தப்பு எங்க பக்கம்."

"ஐயோ, இப்பத்தான் திறந்து ஏத்த ஆரம்பிச்சேன்" என்றார் நர்ஸ்.

நாங்கள் படியேறி ஓடியபோது அந்த அம்மா குளிரில் உதறிக்கொண்டிருந்தார். இடுப்பு விட்டுப்போகிறது என்று முனகினார். டாக்டர்கள் சுற்றி நின்றார்கள். என்னால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை.

மத்தியானம் பெரிய டாக்டர் ரத்த வங்கிக்கே இறங்கி வந்தார். "யார் எடுத்த ரத்தம்?"

"பையை அனுப்பினது நான் சார்" என்றாள் அக்கா. "ஏழுக்குப் பழைய அட்டை இல்ல. ரெண்டாவது மாதிரி கேட்டு வாங்கியிருக்கணும். கேக்கல. அது என் தப்பு."

"நான் அதைக் கேக்கல. எடுத்தது யாரு?"

"அது அவங்க சொல்ல வேண்டியது சார்."

"அப்ப நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

நான் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வேறு காரணமெல்லாம் ஒன்றுமில்லை, பயம். அக்கா என் பக்கம் திரும்பாமலே கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் போன் செய்து, "திட்டித் தொலையேன்!" என்று அழுதேன்.

"அந்த அம்மாவுக்கு ஒன்னுக்குப் போச்சா?" என்றாள். "சிறுநீரகம் தாங்குதான்னு அதுலதான் தெரியும். பாத்துச் சொல்லு." அவ்வளவுதான் பேசினாள்.

மறுநாள் காலையில் போனேன். சிறுநீர் கொஞ்சம் சிவப்பாகத்தான், ஆனால் நிற்காமல் போயிருந்தது. அந்த அம்மா கண் விழித்துப் படுத்திருந்தார். அன்றைக்கே ரத்தம் ஏற்றியாக வேண்டும் என்று புதுப் பையை மாட்டியிருந்தார்கள், இன்னும் திறக்கவில்லை.

"நேத்து ஊசி போட்டது நீதானே கண்ணு? வலிக்கவே இல்ல" என்றார். "எனக்கு என்ன ஆச்சுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்களே."

நான் சொன்னேன். காலிக் குழாயில் சீட்டு ஒட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தலைக்குமேல் தொங்கிய பையை அண்ணாந்து பார்த்தார். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இது யாருக்கு வந்தது?"

"உங்களுக்குத்தாம்மா."

"நேத்தும் அப்படித்தானே சொன்னீங்க! வேணாம், எனக்கு ஏத்தாதீங்க." என் மணிக்கட்டை அவர் விடவில்லை. "நிறுத்துங்கன்னு போன் பண்ணுச்சாமே ஒரு பொண்ணு, அது வந்து பாத்துச் சொல்லட்டும். அப்பத்தான் ஏத்திக்குவேன்."

நர்ஸ் கெஞ்சிப் பார்த்தார். அந்த அம்மா அசையவில்லை. மத்தியானத்துக்குள் ஏற்றாவிட்டால் தாங்காது என்று நர்ஸ் என் காதில் சொன்னார்.

அக்காவை உள்ளே விட ஒருவரால்தான் முடியும். பெரிய டாக்டர் அறைக்கு நடந்தேன். திரும்பி ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை நின்றேன். கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்றார் உள்ளேயிருந்து.

"நான்தான் சார்" என்றேன். "ஏழாம் படுக்கைக்கு ரத்தம் எடுத்தவ."