திருப்பிக் கொடுக்க வேண்டிய ரோட்டர்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது நடந்தது. அப்பாஸுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் அன்றைக்கே மாட்டிக்கொள்வார். 1956, ஆடி மாதம், வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். பாலக்காட்டுக்காரரான அப்பாஸ் அங்கே ஜீப் டிரைவர்.

மாலை 3.40. கொழுந்து கிள்ளும் கத்தரீனாளுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை கால் மாறி வருகிறது என்று மருத்துவச்சி சாந்தம்மாள் ஆள் அனுப்பியிருந்தாள். தொழிலாளர் குடியிருப்பான லயம்வரை ஜீப் இறங்காது. மேலே வளைவில் நிறுத்திவிட்டுச் சரிவில் இறங்கி, நாலு பேராகக் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பின்சீட்டில் கிடத்தியதும் அப்பாஸ் ஸ்டார்ட்டரை மிதித்தார்.

இஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை.

பேட்டரி முனகி அடங்கும்வரை மிதித்தார். இறங்கி ஹேண்டில் போட்டுச் சுற்றினார். தோள்தான் கழன்றது. பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினார். பெட்ரோல் நன்றாகவே வந்தது. ஈரமான பிளக்குகளைச் சட்டை நுனியால் துடைத்து மாட்டினார். ஒன்றுக்கும் மசியவில்லை. போரில் குண்டுக்குத் தப்பி ஏலத்துக்கு வந்த வண்டி அது. அதன் பரம்பரையையே திட்டித் தீர்த்தார்.

“எண்ணே, இருட்டுறதுக்குள்ள ஆஸ்பத்திரி போகணும்ணே. ரெண்டு உசுருண்ணே,” என்றாள் சாந்தம்மாள்.

“தெரியுது. பேசாம இருங்க.”

4.35. கடைசியாக, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே ரோட்டர் இல்லை.

கட்டைவிரல் அளவுத் துண்டு. அது இல்லாமல் பிளக்கில் நெருப்பு வராது. ஜீப்புக்குச் சாவி கிடையாது என்பதால், இறங்கும்போதெல்லாம் ரோட்டரை உருவிச் சட்டைப் பையில் போடுவது அந்த எஸ்டேட் டிரைவர்களின் வழக்கம். இன்றும் கை தானாக உருவியிருக்கிறது, மனதுக்குத்தான் தெரியவில்லை. பையைத் தடவினார். காலி. தூக்கி வரும்போது சரிவில் விழுந்திருக்கிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்தக் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

ஆட்கள் நாலு பேரும் தேடச் சரிவில் இறங்கினார்கள். மூடுபனி அவர்களை மறைத்தது.

4.50. கத்தரீனாளின் முனகல் நின்றுபோயிருந்தது.

“ஏனுங்க…”

பின்னால் ஒருவர் நின்றார். காக்கிக் கோட்டு. உடம்பெல்லாம் செம்மண். நல்ல மழை… ஆனால் அந்த மண் கரையவில்லை.

கையை நீட்டினார். மூடிய கை. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. டக்… டக்… டக்…

உள்ளே ஒரு ரோட்டர்.

“போட்டுப் பாருங்க. திருப்பிக் குடுத்துருங்க.”

அப்பாஸ் மாட்டினார். ஹேண்டிலில் அரைச் சுற்று. இஞ்சின் பிடித்துக்கொண்டது. நிமிர்ந்தார்.

யாரும் இல்லை.

“யார்கிட்டண்ணே பேசுனீங்க?” என்றாள் சாந்தம்மாள்.

அப்பாஸ் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார்.

இரவு 8.10-க்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்தன. மறுநாள் காலை, எஸ்டேட் மெக்கானிக் முகம்மது குட்டியிடம் அப்பாஸ் ஆளின் அடையாளம் சொன்னார். காக்கிக் கோட்டு, கோயமுத்தூர்ப் பேச்சு. குட்டி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“அது நஞ்சப்பன். உனக்கு முன்னாடி இந்த ஜீப்பை ஓட்டின ஆளு. போன வருஷ மழையில வண்டியை அதே வளைவுல நிறுத்திட்டு நடந்தாரு. மண் சரிஞ்சு மூடிருச்சு. ரோட்டர் கைக்குள்ள. விரலைப் பிரிக்க முடியல. அப்படியே புதைச்சோம்.”

“எங்க?”

“அந்த வளைவுக்கு மேல.”

குட்டி கொடுத்த புது ரோட்டரை ஜீப்பில் மாட்டிவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு அப்பாஸ் போனார். 11.15. புதைமேட்டில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. மண் உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டிருந்தது.

ரோட்டரை ஓட்டைக்குள் போட்டார். காது கொடுத்து நின்றார்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.