வாளி நிறையப் பழம்

மண்டபத்தின் வெள்ளைத் திரையில் என் அக்கா இடுப்பளவு சேற்றுக்குள் நின்றுகொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. இரண்டு கைகளையும் பாசியின் மேல் ஊன்றி மேலே ஏற முயன்றாள். பாசி கிழிந்துபோக மறுபடியும் வழுக்கினாள். கமராவுக்குப் பின்னாலிருந்து அத்தானின் சிரிப்பு கேட்டது. பிறகு அவருடைய குரல்: "பாருங்கோ, பாருங்கோ, எருமை சேத்துக்குள்ளை இறங்கிட்டுது." மண்டபம் முழுவதும் சிரித்தது. அன்று அத்தான் இறந்த முப்பத்தோராம் நாள். சிரித்தவர்களில் பலர் அந்தக் குரலைக் கேட்டுக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். "அந்தாளின்ரை சிரிப்பைக் கேட்டியளே" என்று எனக்குப் பக்கத்திலிருந்தவர் உருகினார். முன்வரிசையில் அக்கா கைகளை மடியில் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து மண்டபத்தின் சமையலறைக்குப் போய்விட்டேன். திரைக்கு முன்னால் இருந்திருந்தால் ஏதாவது ஒன்றைத் தூக்கி எறிந்திருப்பேன்.

இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். அத்தான் உயிரோடு இருந்தபோதும் அவரைப் பற்றிக் குறை சொல்ல யாரும் விட்டதில்லை என்பதால் அதை நான் பொருட்படுத்தப்போவதில்லை. அவர் எனக்கு நன்மை செய்தவர்தான். நான் ஒஸ்லோவில் வந்திறங்கிய நாளில் விமான நிலையத்துக்கு என் அளவுக்கு ஒரு குளிர்ச்சட்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றவர் அவர். மொழி வகுப்புக்கு என்னைச் சேர்த்ததும் அவர்தான். ஊர் ஆட்கள் யாருக்கு வீடு மாற வேண்டுமென்றாலும் கட்டில் தூக்க முதலில் போய் நிற்பார். ஆனால் தன் மனைவியோடு பேசும்போது அவருக்கு வேறொரு குரல் இருந்தது. "உனக்கு விளங்காது" என்பதில் தொடங்கும் குரல். அக்காவின் நோர்வேஜிய உச்சரிப்பை விருந்தாளிகளுக்கு முன்னால் நடித்துக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரியும்.

அவருக்குக் காடு பிடித்ததும் இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான். வேலையிடத்தில் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டின்போது ஆளாளுக்குத் தாங்கள் வாரஇறுதியில் நடந்த காட்டைப் பற்றிச் சொல்வார்களாம். சொல்லத் தன்னிடம் ஒன்றும் இல்லையே என்று ஆரம்பத்தில் அவருக்குக் குறையாக இருந்திருக்க வேண்டும். பிறகு நல்ல சப்பாத்து, கம்பளி உள்ளாடை, முதுகுப்பை எல்லாம் வாங்கினார். மோர்டென்ஸ்ருட்டில் அவர்களுடைய வீட்டுக்குப் பின்னால் கொஞ்சத் தூரத்திலேயே காடு தொடங்கிவிடும். சில வருடங்களில் எங்கள் ஆட்களிடையே காடு என்றால் அத்தான் என்றாகிவிட்டது. அந்த வீடியோ எடுத்த கோடையில் அவருக்கு மூல்த்தெ பழத்தின் மேல் ஆசை வந்தது. தேன் நிறத்தில் சதுப்பு நிலத்தில் மட்டும் காய்க்கிற பழம் அது. காய்க்கும் இடத்தை நோர்வேக்காரர்கள் சொந்தச் சகோதரனுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். கூட வேலை செய்கிற ஒருவர் வாய் தவறிச் சொன்ன ஓர் ஏரியின் பெயரை வைத்துக்கொண்டு, தனக்கு இடம் தெரியும் என்றார் அத்தான்.

ஐந்து பேர் போனோம். அத்தான், அக்கா, நான். மற்ற இருவரும் அவர்களுடைய கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்திருந்த சென்னைத் தம்பதி. அக்காவுக்கு அந்த வசந்தத்தில்தான் முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. சமதரையில் மட்டும் நடக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அது அத்தானுக்கு நன்றாகத் தெரியும். "தார் றோட்டு மாதிரிப் பாதை" என்று அவர் சொன்னதை நம்பித்தான் அவள் றோல்ஸ் பொரித்து, தேநீரைத் தெர்மோஸில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அத்தான் கையில் ஒரு வெள்ளை வாளி.

முதல் ஒரு மணித்தியாலம் பாதை அவர் சொன்னபடிதான் இருந்தது. மரங்களில் நீலப் பூச்சு அடையாளம் ஒழுங்காக வந்தது. ஓர் இடத்தில் எதிரே வந்த வயதான தம்பதி வாளியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அவர்கள் மறைந்ததும் அத்தான் பாதையை விட்டு இடப்பக்கம் இறங்கினார். பாதையில் போனால் இடத்தை மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம். அங்கிருந்து அவதி ஆரம்பித்தது. பைன் மரங்கள் நெருக்கமாக, விழுந்த மரங்களின் மேல் விழுந்த மரங்களாகக் கிடந்தன. அவற்றைத் தாண்டினால் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் வெளி. கால் வைத்தால் அந்தக் கம்பளம் மொத்தமாக அசைந்தது. பத்தடி தள்ளி நின்ற சிறிய பைன் மரமும் சேர்ந்து ஆடியது. பஞ்சுப்புல் வெள்ளை வெள்ளையாக நின்ற இடங்களில் பாசிக்கடியில் கறுப்புத் தண்ணீர். நுளம்பு காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் போனது. ஒரு சதுப்பைச் சுற்றி வந்தால் அடுத்தது. மழையும் தூறத் தொடங்கியது.

"அண்ணா, ஒரு தடவ மேப் பாத்துடலாமா? இந்தப் பாறைய முன்னாடியே பாத்த மாதிரி இருக்கு" என்றார் சென்னைத் தம்பி, மரியாதையாக.

"போனை உள்ளை வையும் தம்பி. காட்டுக்கை வந்து போனைப் பாக்கிறதெண்டால் வீட்டிலை இருந்திருக்கலாம்."

கொஞ்ச நேரத்தில் அக்கா கேட்டாள். "இஞ்சேருங்கோ, கால் நோகுது. திரும்பிப் போவமே?"

"உன்னைக் கூட்டிக்கொண்டு வந்ததே பிழை. இன்னும் கொஞ்சத் தூரந்தான். கதையாமல் என்ரை காலடியைப் பாத்து வா."

அவள் அவருடைய காலடியைப் பார்த்துத்தான் போனாள். ஒரு சிறிய நீரோடையை அவர் ஒரே தாவலில் தாண்டினார். அந்த முழங்காலோடு அவளால் தாவ முடியுமா? எட்டி வைத்தாள். பச்சையாகத் தெரிந்த இடம் பிளந்து தொடைவரை உள்ளே இழுத்தது. மற்றக் காலை ஊன்ற அதுவும் போனது. அவள் "அம்மா" என்று கத்தியது காட்டுக்குள் விசித்திரமாகக் கேட்டது. அத்தான் திரும்பிப் பார்த்தார். அவள் கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தார். கையை நீட்டவில்லை. சட்டைப்பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தார். வீடியோவின் முடிவில் ஓரத்தில் ஒரு கை தெரியும். அது என்னுடையது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அதில் இல்லை.

நான் பாசியின் மேல் குப்புறப் படுத்தேன். சென்னைத் தம்பி முறிந்த மரக்கிளை ஒன்றைக் கொண்டுவந்து குறுக்கே போட்டார். அவருடைய மனைவி தன் மேலங்கியைக் கழற்றி அக்காவின் கைகளுக்குக் கீழே சுற்றினார். "அக்கா, என் கையப் பிடிங்க. பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்ல" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். வெளியே எடுத்தபோது ஒரு சப்பாத்து உள்ளேயே போய்விட்டது. முழங்கால் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே வீங்கியது. அவளால் காலை நிலத்தில் வைக்க முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்து நடுங்கினாள்.

"நடிக்காதை, எழும்பு" என்றார் அத்தான்.

அவள் எழும்பவில்லை. அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். வழி எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டு உடனே வருவதாகச் சொல்லி மரங்களுக்குள் போனார்.

அவர் வரவில்லை. அக்காவை ஒரு பைன் மரத்தடியில் சாய்த்து, எங்களிடமிருந்த உலர்ந்த துணிகளையெல்லாம் போர்த்தினோம். தேநீரைக் கொடுத்தால் பல் கோப்பையில் அடித்தது. சென்னைத் தம்பி பாறைமேல் ஏறி, தொடர்பு கிடைத்ததும் என்னைக் கூப்பிட்டார். அவசர இலக்கத்தில் பேசிய பெண் நாங்கள் நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேயே இருக்கச் சொன்னார். அக்கா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "அவருக்கு ஏதும் நடந்திருக்குமோ? அவரும் எங்கையும் விழுந்திட்டாரோ?" நானும் அதை நினைத்துப் பயந்தேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கொதிக்கிறது. ஏனென்றால், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழிந்து அவர் மரங்களுக்கிடையில் தெரிந்தபோது, அவர் கையிலிருந்த வாளி நிறையப் பழம் இருந்தது. "கண்டுபிடிச்சிட்டன்!" என்று தூரத்திலேயே கத்தினார். வழியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

சிவப்புச் சட்டை போட்ட மீட்புக்காரர்கள் தூக்குப்படுக்கையோடு வந்தபோது அவர் வாளியைத் துவாயால் மூடிவிட்டு, சத்தமான நோர்வேஜியத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். தான் சொன்ன வழியில் மனைவி வரவில்லையாம். பெண்களுக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும் என்று அவர்களையும் சிரிக்க வைக்கப் பார்த்தார். வந்தவர்களில் ஓர் இளம்பெண் சிரிக்காமல் அக்காவின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, கணவர் இவ்வளவு நேரமும் உங்களோடு இருந்தாரா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, ஓம், என்னோடுதான் இருந்தார் என்றாள். எந்த நோர்வேஜியத்தை அவர் கேலி செய்வாரோ அதே நோர்வேஜியத்தில்.

முழங்காலை மறுபடியும் வெட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகு அது முழுவதுமாக மடங்கவே இல்லை. அக்கா ஒரு சிறுவர் பாடசாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து எழும்புகிற வேலை. அவள் வாழ்க்கையில் தானாகத் தேடி எடுத்தது அது ஒன்றுதான். அதை விட வேண்டி வந்தது. வைத்தியசாலையிலிருந்து வந்த அன்றே, பழம் பழுதாகிவிடும் என்று அத்தான் அவளை ஜாம் காய்ச்ச வைத்தார். ஒரு காலை இன்னொரு கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கிண்டினாள். போத்தல்களில் அடைத்து அவர் வேலையிடத்துக்குக் கொண்டுபோனார். வீடியோ அதற்கு முன்னமே கனடா, லண்டன் எல்லாம் போய்விட்டிருந்தது. "ஒருத்தருக்கும் சொல்லாதை. பெடியன் தேப்பனிலை உயிர்" என்று மகனைச் சொல்லி அக்கா என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். அவளுக்காக நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சென்னைத் தம்பதி பிறகு ஸ்டோவ்னருக்கு வீடு மாறிப் போனார்கள். அத்தானின் அழைப்புக்கு அவர்கள் மறுபடி வந்ததே இல்லை.

மண்டபத்துச் சமையலறைக்கு அக்காவின் மகன் என்னைத் தேடி வந்தான். இங்கேயே பிறந்தவன், அன்று காட்டுக்கு வராதவன். திரையில் படங்களையும் வீடியோவையும் தொகுத்துப் போட்டது அவன்தான்.

"சித்தி, ஏன் எழும்பி வந்தனீங்கள்? அப்பாவின்ரை நினைவுக்குத்தானே போட்டனான்."

நான் சொன்னேன். கை நீட்டாமல் போனை எடுத்ததை, ஒரு மணித்தியாலத்தை, பழத்தை. குரலைத் தாழ்த்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"அப்பா அப்பிடிச் செய்யமாட்டார். அம்மா ஒரு நாளும் சொல்லயில்லையே. உங்களுக்கு எப்பவும் அப்பாவைப் பிடிக்காது, சித்தி." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சித்தி சொல்லுறது உண்மை." அக்கா ஊன்றுகோலோடு வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "நான் குளிரிலை விறைச்சுக்கொண்டு கிடந்தனான். உன்ரை அப்பா பழம் பிடுங்கினவர். என்னைத் தூக்க வந்த பிள்ளை கேக்கேக்கை நான் பொய் சொன்னனான். அவருக்காகச் சொன்ன பொய்யை நினைச்சால் எனக்கு இப்பவும் விசர் வருது."

அக்கா உள்ளே வந்து அவனுக்கு முன்னால் நின்றாள்.

"உனக்கு அவர் நல்ல அப்பாதான். நீ அழு. அதை நான் தடுக்கயில்லை. ஆனா என்னைச் சிரிக்கச் சொல்லாதை."

அந்த நேரம் பார்த்து ஒருவர் கதவால் தலையை நீட்டினார். "தம்பி, அந்த எருமை வீடியோவைத் திரும்ப ஒருக்காப் போடட்டாம். பின்னாலை இருந்தவைக்கு வடிவாக் கேக்கயில்லையாம்."

அவன் தன் தாயைப் பார்த்தான். "இல்லை மாமா. அதை இனிப் போடமாட்டன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், கணினியின் மூடியை அடித்து மூடினான். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. என்ன, ஏது என்று கேட்டார்கள். சாப்பாடு பரிமாறத் தொடங்கியிருந்தது. அக்கா தன் மேலங்கியை எடுத்து மாட்டி, "வா, வீட்டை போவம்" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் வரிசைகளுக்கு நடுவாலேயே நடந்து வெளியேறினோம். கணவனுடைய முப்பத்தோராம் நாளில் பந்தியை விட்டு எழும்பிப் போனவள் என்று இன்றைக்கும் அவளைப் பற்றிக் கதைக்கிறார்கள். அவளை நான்தான் கெடுத்தேன் என்றும் ஒரு கதை. கதைக்கட்டும்.