பெட்டிக்குள் போன படம்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. சண்டையைத் தமிழிலும் சமாதானத்தை மலையாளத்திலும் பேசிக்கொள்ளும் எல்லை ஊர் எங்களுடையது, பாறசாலைக்குப் பக்கத்தில். அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து, திருவனந்தபுரத்தில் ஓவியக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, மகள் லட்சுமியையும் சரஸ்வதியையும் வரையப் பழகுகிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். நான் வரைந்துகொண்டிருந்ததோ கோவணம் மட்டும் கட்டிய ஆண்களை. மனித உடம்பை வரையத் தெரியாதவள் சாமியை மட்டும் எப்படி வரைவாள் என்று அவரிடம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. படங்களைச் சுருட்டி, கட்டிலுக்கடியில் பழைய பாய்க்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

அந்த வருஷம் எங்கள் வகுப்புக்கு மாடலாக நின்றவர் பொழியூர் கடற்கரைக்காரர். நாற்பது வயதுக்குள் இருக்கும். மழைக்காலத்தில் கடல் முரண்டு பிடிக்கிற மாதங்களில் வள்ளம் இறக்க முடியாது. அப்போது இந்த வேலைக்கு வருவார். சும்மா நிற்பது ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள், கையைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நின்று பார்க்கட்டும். தோள் நடுங்கும், கால் மரத்துப் போகும். அவர் வலியை முகத்தில் காட்டவே மாட்டார். இடது தோளில் தொடங்கி முதுகில் இறங்குகிற, தூண்டில் முள் கிழித்த நீளத் தழும்பு ஒன்று இருந்தது. அதை வரைவதற்காகவே நான் பின்பக்கம் இடம் பிடித்து உட்காருவேன்.

நாங்கள் இரண்டு பேரும் பாறசாலையில் ஒரே பஸ்ஸில்தான் ஏறுவோம். முதல் தடவை பார்த்துச் சிரித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன திமிர் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பஸ்ஸில் என் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், அவருடைய ஊர்க்காரர்களும் இருப்பார்கள், இவளை எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பிறகுதான் உறைத்தது. அமரவிளை செக்போஸ்ட்டில் பஸ் எவ்வளவு நேரம் கிடந்தாலும் அவர் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருப்பார். என் மானத்தையும் தன் மானத்தையும் சேர்த்தே காப்பாற்றிக்கொண்டு வந்த மனிதர்.

ஒருநாள் எங்கள் சார் நூலகத்திலிருந்து ஒரு பழைய ஆல்பம் கொண்டு வந்தார். ஓவியர்கள் பார்த்து வரைவதற்கென்றே அந்தக் காலத்தில் வெளிநாட்டில் எடுத்த போட்டோக்கள். பழுப்பேறிய படங்களில் உடம்பில் துணியில்லாத ஆண்கள், கம்பை ஊன்றியும் கயிற்றை இழுத்தும் நின்றார்கள். யாருக்கும் பெயர் இல்லை, அடியில் நம்பர் மட்டும். நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தோம். இடைவேளையில் அவரும் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"இவன் இப்படி நின்னது இவனுக்க வீட்டுல தெரியுமா மக்கா?" என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "எனக்க வீட்டுல தெரியாது. காலேஜில வாச்சர் வேலைன்னாக்கும் சொல்லியிருக்கேன்."

அன்று சார் அவர் கையில் ஒரு மூங்கிலைக் கொடுத்து, ஆல்பத்தில் கம்பை ஊன்றியவனைப் போலவே, கோவணத்தோடு நிற்க வைத்தார். லேசாகத் திரும்பி நின்றதில் முகமும் தெரிந்தது, தோளின் தழும்பும் தெரிந்தது. கரிக்கோலால் நான் வரைந்த படங்களில் அதுதான் பெரியது, உருப்படியானதும் அதுதான். பரீட்சைக்கு அதையே வைக்கச் சொன்னார் சார்.

தீபாவளி கழிந்து அவர் மறுபடி கடலுக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளில், ஒருநாள் காலை பஸ்ஸில் மீன்காரப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். காற்றில் ஒரு வள்ளம் கவிழ்ந்ததாம். கூடப் போனவர்கள் நீந்திக் கரை சேர்ந்துவிட்டார்களாம். மழைக்காலத்தில் காலேஜுக்கு வாச்சர் வேலைக்குப் போவானே, அவன் மட்டும் இன்னும் கிடைக்கவில்லையாம். நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் கண்ணில் தூசி என்றேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் மனைவி சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த காலேஜில் படிக்கிறேன் என்றேன். அந்த அக்கா உடனே கேட்டது, காலேஜில் தன் புருஷனுடைய போட்டோ ஏதாவது இருக்குமா என்றுதான். சுவரில் ஒரு கல்யாணப் போட்டோ தொங்கியது. உப்புக்காற்றில் கண்ணாடியோடு ஒட்டிப்போய், மாப்பிள்ளையின் முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டுதான் மிச்சம். உடல் இனிக் கிடைக்காது என்று ஊரில் முடிவாகியிருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய துணியைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்யச் சர்ச் பாதிரியார் சம்மதித்திருந்தார். பெட்டிமேல் வைக்க ஒரு முகம் இல்லை.

நான் வரைவேன், கொண்டு வருகிறேன் என்றேன். இரண்டு நாள் உட்கார்ந்து, அந்தப் பெரிய படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து வரைந்து, கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைச் சட்டையும் போட்டுவிட்டேன். ரகசியமும் வெளியே வராது, அவர்களுக்கு முகமும் கிடைக்கும் என்று கணக்கு. இருந்தும் சனிக்கிழமை கிளம்பும்போது பெரிய படத்தையும் சுருட்டி எடுத்துக்கொண்டேன். எதற்கென்று எனக்கே தெரியாது.

அந்த அக்கா சட்டை போட்ட படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"முகம் அவருக்க முகந்தான் பிள்ளே. ஆனா இது அவரில்ல. சட்டைய இப்படிப் பித்தான் பூட்டி நின்னது கல்யாணத்துக்கு மட்டுமாக்கும்" என்றார். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொல்லுகிற குரலில், தூக்கத்தில் அவர் தினமும் வருவதாகவும், கையும் காலும் இல்லாமல், மீன் தின்ற உடம்போடு வருவதாகவும் சொன்னார். ஒரு தடவை குளிப்பாட்டிப் பார்த்திருந்தால் மனசு ஆறியிருக்கும் என்றார்.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பெரிய படத்தைத் தரையில் விரித்தேன். எப்படி வரைந்தேன், அவர் உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

அவர் திட்டவில்லை. படத்துக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். தோளிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். தழும்பைத் தொட்டார், மூங்கிலைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார், முழங்கால், பாதம். விரலெல்லாம் கரி.

"ஒண்ணும் போகல்ல" என்றார். "எல்லாம் உண்டு."

பிறகு அழுதார். நானும் அழுதேன். அவ்வளவு நேரமும் அவர் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

அழுது முடித்துக் கொடியில் கிடந்த ஈரத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெட்டியில் வைக்க எடுத்து வைத்திருந்த வேட்டியைப் படத்தின் இடுப்புக்கு மேல் விரித்தார், சட்டையை நெஞ்சின் மேல் வைத்தார். பித்தானைப் பூட்டவில்லை.

"பெட்டிக்கு மேலயும் சுவத்துக்கும் மற்றது போதும் பிள்ளே, ஊர்க்காரங்க பாக்கட்டு. இது அவருக்க கூடப் போகட்டு" என்றார். பரீட்சை ஞாபகம் வந்தது. இருந்தும், துணியோடு துணியாகச் சுற்றி நாங்கள் இரண்டு பேருமாகத்தான் பெட்டியில் வைத்தோம். மறுநாள் அதைச் சுமந்துபோனவர்களுக்கு அது வெறும் துணிப்பெட்டி. அந்த அக்கா மட்டும், புருஷனை அடக்கம் செய்கிறவளாக அதன் பின்னால் நடந்து போனார்.

பரீட்சையில் எனக்கு மார்க் குறைந்தது. இன்றுவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை. இப்போது நானும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். அதே மாதிரிப் பழைய போட்டோக்களைக் காட்டி, தோளைப் பார், இடுப்பு வளைவைப் பார், நிழல் எங்கே விழுகிறது பார் என்கிறேன். பாடம் முடிந்து ஆல்பத்தை மூடும்போது மட்டும், பெயரில்லாத அந்த ஆண்கள் ஒவ்வொருவரையும் கை, கால், தழும்பு என்று அடையாளம் சொல்லத் தெரிந்த ஒருத்தி எங்கோ ஒரு வீட்டில் இருந்திருப்பாளே என்று நினைக்காமல் என்னால் மூட முடிவதில்லை.