நாளைக்கும் நர்ஸ் இருப்பாங்களா?

சென்ற நவம்பரில் நான் ஏற்காடு போனது ஊர் சுற்ற அல்ல. ஏழைகளின் மருத்துவத்துக்காக உலக மேடைகளில் அரசுகள் கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று நேரில் பார்த்து எழுத, ஐரோப்பாவிலிருந்து ஹெலன் என்ற பெண் வந்திருந்தார். அவருக்கு நான் மொழிபெயர்ப்பாளர்.

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சொச்சம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். காலை ஏழு மணிக்கு அரசு ஜீப்பில் கிளம்பினோம். (மலையேறிய பிறகு சாப்பிடுங்கள். பட்டுத்தான் சொல்கிறேன்.) உடன் வந்த அதிகாரி வழியெல்லாம் போனில் ஒரே கேள்வி கேட்டார்: “நர்ஸ் வந்தாச்சா?” அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

ஏற்காட்டைத் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். அங்குள்ளவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது, பெயர் வேண்டாம். துணை சுகாதார நிலையத்தில் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. கட்டிலில் புது விரிப்பு. பக்கத்தில் ஒரு நர்ஸ். ஹெலன் திருப்தியாகத் தலையாட்டினார்.

கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் முன்னால் வந்தார். ஆரோக்கியமேரி (உண்மைப் பெயரல்ல), எஸ்டேட்டில் வேலை, எட்டு மாதக் கர்ப்பிணி.

“ஏனுங்க, இந்த நர்ஸம்மா நாளைக்கும் இருப்பாங்களான்னு அந்தம்மாகிட்டக் கேளுங்க. இந்தப் பூட்டு இன்னைக்குத்தானுங்க தொறந்துது. இங்க ஆளில்லாம, கீழ கொண்டுபோற வழியிலயே என்ற மொதக் கொழந்தையப் பறிகொடுத்தேனுங்க.”

அதிகாரி என் பக்கம் சாய்ந்தார். “அதை விட்டுருங்க மேடம். ரோடு சரியில்லைன்னு சொல்லுங்க, போதும்.”

கூட்டத்தில் நின்ற, எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் ஆரோக்கியமேரியையே முறைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணின் வேலைக்கு உலை வைக்கிறேனோ? “அப்படியே சொல்லட்டுமா?” என்று ஆரோக்கியமேரியிடமே கேட்டேன்.

“அதுக்குத்தானுங்க நிக்க முடியாம நின்னுட்டிருக்கறேன்.”

ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஹெலன் நர்ஸிடம் திரும்பி, எங்கே வேலை என்று கேட்டார். நர்ஸ் அதிகாரியைப் பார்த்தார். பிறகு மெல்ல, “கீழேங்க. இன்னைக்கு மட்டும் வரச் சொன்னாங்க” என்றார்.

ஆரோக்கியமேரி அதோடு விடவில்லை. “அந்தம்மா ஊரு கவர்மெண்டும் தர்றேன்னு ஏதாச்சும் சொல்லியிருக்குமில்லீங்க? தந்துச்சுங்களா?”

ஹெலன் அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்: “சொன்ன பணத்தை முழுதாகத் தரவில்லை. இப்போது இன்னும் குறைத்துவிட்டார்கள். அதையும் எழுதுவேன்.” அதையும் அப்படியே தமிழில் சொன்னேன்.

கடைசியில், வாரம் இரண்டு நாள் நர்ஸ் வருவார் என்றார் அதிகாரி. “இன்னொருக்காச் சொல்லுங்க சார்” என்று ஒருவர் பதிவு செய்யச் செல்போனை நீட்டினார்.

ஹெலன் அன்று ஏற்காட்டில் தங்கினார். ஜீப்பில் எனக்கு இடமில்லை என்றார்கள். குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கிய ஒரு காய்கறி வேன்காரர் ஏற்றிக்கொண்டார்.

இந்த மாதிரி வேலையாகப் போகிறவர்கள், திரும்பி வரத் தனி ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் அவசியம். முடிந்தால் முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். முக்கியமாக, துணிந்து பேசியவருக்குப் பிறகு என்ன ஆனது என்று விசாரியுங்கள்.

போன வாரம் ஆரோக்கியமேரிக்குப் போன் போட்டு விசாரித்தேன். “பொம்பளப் புள்ளைங்க, நொம்ப நல்லாருக்கறா. ரைட்டரு கொஞ்ச நாளு மொறச்சாரு, இப்பப் பேசறாருங்க. நர்ஸம்மாதான் வாரம் ஒருநா வர்றாங்க. இன்னொரு நாளு என்னாச்சுன்னு திங்கக்கெழம நாங்கெல்லாம் சுகாதார ஆபீசுல போய்க் கேக்கப்போறோம். வர்றீங்களா?”

திங்கள் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன்.