அக்காவின் கரையான் சட்டியும் அதில் நான் போட்டுக்கொண்ட என் பெயரும்

சென்ற ஆடி மாதத்தில் எங்களை விட்டுப் பிரிந்த அக்காவைப் பற்றி, முதலாண்டு ஜெபக்கூட்டத்துக்கு வரும் உறவினரும் நண்பர்களும் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். "உனக்குத்தான் எதையும் வரிசையா எழுத வரும், நீயே எழுதிடு" என்று அக்காவின் கணவரான மாமா சொன்னார். வரிசையாகவே எழுதுகிறேன். அந்த வரிசையில் எனக்குப் பெருமை தராத செய்திகளும் உண்டு. அவற்றை விட்டுவிட்டால் அக்காவின் வாழ்க்கையில் பாதி விட்டுப்போகும்.

அக்கா பிறந்தது மண்டகப்பட்டுக்கு அடுத்த சிற்றூரில், எங்கள் அம்மாவின் பிறந்த வீட்டில். அப்பாவுக்கு விழுப்புரத்தில் இரயில் பாதையில் கூலி வேலை. எனக்கும் அக்காவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். நான் பிறந்ததும் அம்மா படுக்கையில் விழுந்தார்கள். என்னைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததால் அக்காவின் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. படித்த அந்தக் கொஞ்சமும் பின்னாளில் அவருக்கு மறந்துபோயிற்று. பதினேழு வயதில் திண்டிவனத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். மாமாவுக்கு வாடகை வண்டி ஓட்டும் வேலை. நிலம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் சிறிது இடமும் இரண்டு பெட்டைக் கோழிகளும் இருந்தன. நான் விடுதியில் தங்கிப் படித்ததற்கும், பயிற்சிக்குக் கொண்டுபோன டிரங்குப் பெட்டிக்கும் சேலைகளுக்கும் அந்தக் கோழிகளின் வழிவந்தவைதான் ஆதாரம்.

கோழி வளர்ப்புப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கினேன். அக்காவின் ஊரிலேயே எனக்குக் கோழி வளர்ப்புப் போதனையாளர் வேலை கிடைத்தது. அக்காவின் வீட்டிலேயே தங்கினேன். ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் பத்து வீடுகளிலாவது திருத்தமான கூண்டும் சாதனங்களும் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை போய்விடும். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்ற ஒன்றைப் பார்க்கப்போகும் முதல் ஆள் நான்தான்.

அது யுத்த காலம்; இரும்புச் சாமான் எதுவும் கடையில் கிடைக்காது. என் குறிப்புப் புத்தகத்தில் இருந்த கூண்டுக்குக் கம்பி வலை வேண்டும், கீல் வேண்டும், தகரம் வேண்டும். நான் படத்தை விரித்து விளக்கினேன். அடுத்த வீட்டுப் பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கம்பி வலைக்கு நாங்க எங்க போறது டீச்சரம்மா? ஜெர்மன்காரனுக்குக் காயிதம் போட்டுக் கேக்கறதா?"

சிரித்துவிட்டு என்னைத் தாண்டிக் கொல்லைப்புறம் போனாள். "எக்கா, உன் கூண்டு மாதிரி எனக்கும் ஒண்ணு கட்டிக் குடு. கீரிப்பிள்ள வந்து நாலு குஞ்சத் தின்னுட்டுப் போயிடுச்சு."

ஒவ்வொருத்தியும் அப்படித்தான் செய்தாள். முன்வாசலில் எனக்கு வணக்கம், பின்வாசலில் அக்காவிடம் வேலை. பொறாமை என்ற சொல்லை நான் அப்போது சொல்லிக்கொள்ளவில்லை. "அக்கா செய்வது முறைப்படி இல்லை" என்று சொல்லிக்கொண்டேன்.

முறைப்படி இல்லாத அந்தச் சாதனங்கள் இவை:

ஒன்று, பனை மட்டைக் கூண்டு. நான்கு கால்மேல் நிற்பது. அடியில் மட்டைகளை விரல் இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார். எச்சம் கீழே விழுந்துவிடும். ஓர் ஆணிகூடக் கிடையாது, எல்லாம் பனை நார்க் கட்டு.

இரண்டு, தண்ணீர்க் கலயம். வாய் ஓரத்தில் சிறு துளையிட்ட மண்கலயத்தில் நீர் நிரப்பி, தட்டின்மேல் கவிழ்ப்பது. தட்டில் நீர் குறையக் குறையத் தானே இறங்கும். பயிற்சி நிலையத்தில் இதையே தகரத்தில் வைத்திருந்தோம். வெயிலில் அந்தத் தண்ணீர் கொதிக்கும். அக்காவின் கலயத்தில் சித்திரையிலும் சில்லென்று இருக்கும்.

மூன்று, பிடிகம்பி. உடைந்த குடையின் கம்பியை நுனியில் வளைத்து மூங்கிலில் செருகியது. ஓடும் கோழியின் காலில் மாட்டி, இறகு உதிராமல் பிடிக்கலாம்.

நான்கு, முட்டை பார்க்கும் குழாய். பனையோலைச் சுருளின் முனையில் முட்டையை வைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால் கூமுட்டை எது என்று தெரிந்துவிடும்.

ஐந்து, கரையான் சட்டி. பழைய சட்டியில் சாணமும் வைக்கோலும் கிழிந்த கோணியும் அடைத்து, புற்றுக்கு அருகில் கவிழ்த்து வைப்பது. மறுநாள் காலையில் சட்டி நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அக்கா மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது நிலக்கடலைக் காட்டுக்கு, களையெடுக்கப் போகும் நேரங்களில், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இவற்றையெல்லாம் அங்குல அங்குலமாக அளந்தேன். படம் வரைந்தேன். மரியாதையான ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாவற்றையும் அவரே சொல்லியிருப்பார். கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

ஆறாம் மாதம் மேற்பார்வை அம்மையார் வந்தார்கள். வீடு வீடாகக் கூட்டிப் போனேன். எல்லா வீட்டிலும் பனை மட்டைக் கூண்டும் மண்கலயமும் இருந்தன. அம்மையார் வியந்து போனார்கள்.

"இதெல்லாம் யார் யோசனை?"

நான் குறிப்புப் புத்தகத்தை நீட்டினேன். அளவுகளுடன் என் கையெழுத்தில் இருந்த படங்கள் எனக்காகப் பதில் சொல்லின. அம்மையார் அக்காவின் பக்கம் திரும்பினார்கள். அக்கா ஒரு பெட்டையை அக்குளில் இடுக்கியபடி நின்றிருந்தார்.

"உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது அம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார்.

"இவதாங்க. எங்களுக்கு இன்னா தெரியும்?"

வேலை நிலையாயிற்று. அம்மையார் போனபின் நன்றி சொல்வதற்குப் பதிலாக நான் சண்டை பிடித்தேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

"பின்ன இன்னாடி? வேலைய வுட்டுட்டு நீ வூட்ல குந்திக்கினு இருந்தா, அந்த மூஞ்சிய யாரு பாத்துக்கினு இருக்கறது? ஜல்தியா வந்து சோறு தின்னு."

அவர் என்மேல் ஒரு துளி பொறாமையாவது பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரிடம் அது இல்லை. அதற்காகவும் அவர்மேல் பொறாமைப்பட்டேன்.

பிறகு என் படங்கள் ஒரு சிறு பிரசுரமாக அச்சாகிச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் போயின. முதல் பக்கத்தில் என் பெயர். உறவினர் எல்லோருக்கும் நானே அனுப்பிவைத்தேன். அக்காவுக்கு ஒரு பிரதியைப் படித்துக் காட்டினேன். "உன் பேரு எங்க போட்டுக்கிறாங்க?" என்று கேட்டு, அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்துப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பெண்கள் பிரசுரத்தோடு வந்தார்கள். இருவருக்கும் கோபம்.

"டீச்சரம்மா, பத்து நாளா சட்டியக் கவுத்து வச்சிக்கினு இருக்கறோம். ஒரு கரையானும் ஏறல. புழுதான் நெளியுது. வூடே நாறுது, ஒரே பேஜாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அளவுகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சாணி இன்னா சாணி போட்டீங்க?"

"பச்சச் சாணி. புஸ்தகத்துல அப்படித்தான போட்டுக்கிது?"

"காஞ்ச சாணி போடணும்மா. போட்டுட்டு மேல தண்ணி தெளிக்கணும்." பிறகு சிறிதும் தயங்காமல் சொன்னார்: "என் தங்கச்சி சரியாத்தான் எழுதிக் குடுத்தா. அச்சுப் போடறவன் மாத்திப் போட்டுட்டான்."

அச்சுப் போட்டவர் மாற்றவில்லை. நான் அளந்த அன்று, சட்டிக்குள் இருந்த சாணம் அக்கா தெளித்த தண்ணீரில் ஈரமாக இருந்தது. ஈரமாக இருந்ததால் பச்சைச் சாணம் என்று குறித்துக்கொண்டேன். கண்ணால் பார்த்ததை மட்டும் திருடினால் இப்படித்தான் ஆகும். அந்தப் பெண்கள் போனதும் அக்கா எதுவும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல அந்த நிமிடம் எனக்குப் போதுமானதாக இருந்தது. நான் சொல்லவில்லை.

அடுத்த ஆடியில் அக்காவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். நினைவு இருந்த கடைசி நாளில் தம் இரண்டு பெண்களையும் பற்றி மாமாவிடம் பேசினார். என்னிடம், "அடைக்கு வச்ச மொட்டைய அசைக்காத. ரெண்டு நாள்ல பொரிச்சிடும்" என்று மட்டும் சொன்னார். இரண்டாம் நாள் முட்டைகள் பொரிந்தன. அன்றுதான் அக்காவை அடக்கம் செய்தோம். எந்தெந்த ஊர்களிலிருந்தோ பெண்கள் வந்து அழுதார்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அங்கே நின்றபடியே நான் எண்ணியதையும் இதில் எழுதிவிடுகிறேன்.

சென்ற மாதம் பிரசுரத்தை மறுபடி அச்சிடப்போவதாகவும், பிழை இருந்தால் திருத்தி அனுப்பும்படியும் கடிதம் வந்தது. இரண்டு பிழைகளைத் திருத்தினேன். 'பச்சைச் சாணம்' என்பதை 'காய்ந்த சாணம்' ஆக்கினேன். என் பெயரை அடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதினேன். மேற்பார்வை அம்மையாருக்கு நடந்ததையெல்லாம் தனிக் கடிதமாக எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது நான் வேலையில் இருப்பேனோ இல்லையோ, தெரியாது.

அக்காவின் நோய்க்காலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அருகிலேயே இருந்த மாமாவுக்கும், ஆஸ்பத்திரிக்கு நாள்தோறும் கேப்பைக் கஞ்சி கொண்டுவந்த பாக்கியத்துக்கும், அடக்க ஆராதனையை நடத்திய உபதேசியாருக்கும், தாயில்லாத பிள்ளைகளையும் கோழிகளையும் தங்கள் வீட்டுப் பொறுப்பாக எடுத்துக்கொண்ட தெருப் பெண்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் இன்னும் ஓர் உதவி கேட்கிறேன். நான் அனுப்பிய பழைய பிரசுரம் உங்கள் வீட்டில் இருந்தால், முதல் பக்கத்தில் உள்ள என் பெயரை மையால் அடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதுங்கள். அதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் வயிறு எரியும். அதற்காக எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.