ஒரு மிதிக்கு இரண்டு தண்டனையா?

கூண்டுக் கட்டையைப் பிடித்திருந்த என் கைமேல் வக்கீல் ஐயாவின் கை வந்து அழுத்தியது இன்றும் நினைவிருக்கிறது. மெலிந்த கை, விரலில் மைக்கறை. வாயைத் திறக்காதே என்று அர்த்தம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று என் பெயரில் பதினோரு லாரி ஓடுகிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் என்னைக் கேட்காமல் லோடு ஏறாது. எல்லாம் என் உழைப்பு. ஆனால் அன்று அந்தக் கை அழுத்தியிருக்காவிட்டால் முதல் லாரியே வந்திருக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம். அப்போது நான் கூலிக்கு ஓட்டும் டிரைவர். ஒரு காலையில் தக்காளி ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்தபோது, ரெட்டியார்சத்திரம் வளைவில் ஒரு மாட்டுவண்டிமேல் மோதிவிட்டேன். மாடுகள் தப்பின. வண்டிக்காரருக்குக் கால் முறிந்தது. போலீசார் இரண்டு குற்றம் எழுதினார்கள். கண்மூடித்தனமாக ஓட்டியது ஒன்று, அப்படி ஓட்டிக் காலை ஒடித்தது இன்னொன்று. லாரி முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு மாசம் உள்ள போனீன்னா வண்டிய உனக்கே வெச்சிருக்கறேன் கண்ணு. அதுக்கு மேல ஒரு நாள் ஆனாலும் வேற ஆளப் போட்டுருவேன்." வண்டி போனால் நான் திரும்ப மூட்டை தூக்கத்தான் போகவேண்டும்.

திண்டுக்கல் கோர்ட்டு வாசல் டீக்கடையில் வக்கீல் ஐயா தாமாகவே வந்து, "வக்கீல் வச்சிருக்கியாப்பா?" என்று கேட்டார். "எனக்கெதுக்குங்க வக்கீலு? வாய் இருக்குல்ல" என்றேன். எங்கள் லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த கேஸானாலும் நின்ற இடத்திலேயே ஒத்துக்கொண்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த லோடுக்கு ஓடிவிடுவோம். அதே பழக்கத்தில், மாஜிஸ்திரேட் படித்துக் கேட்ட இரண்டு குற்றத்துக்கும் "ஆமாங்கய்யா" என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம், ஒன்று முடிந்தபின் மற்றது என்று சொல்லிக்கொண்டே அவர் பேனாவை எடுத்தார். இரண்டு மாதம் என்றால் வண்டி போச்சு. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

வேறொரு வழக்குக்காக உட்கார்ந்திருந்த வக்கீல் ஐயா எழுந்து கூண்டருகே வந்தார். "ஒத்துக்கிட்டது ரெண்டுங்க, செஞ்சது ஒண்ணுதான். ஆக்ஸிலேட்டர ஒரு மிதி மிதிச்ச அந்த வேகந்தான் காலை ஒடிச்சிருக்கு. ரெண்டையும் தனித்தனியா தண்டிச்சா, ஓங்கினதுக்கு ஒரு தண்டனை, அடிச்சதுக்கு ஒரு தண்டனைன்னு ஆயிடும்."

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு போலீஸ் ஏட்டைப் பார்த்தார். "வழியில் வேறெங்காவது இப்படி ஓட்டி யாரையாவது ஆபத்தில் மாட்டிவிட்டானா? மாட்டிவிட்டிருந்தால் அது தனிக் குற்றம்."

எனக்கு நாக்கு துருதுருத்தது. மோதிய அன்று வரும் வழியில் ஒரு பஸ்ஸை ரோட்டை விட்டே இறக்கிவிட்டு வந்தவன் நான். அப்போதுதான் அந்தக் கை அழுத்தியது. "வளைவுச் சங்கதி மட்டுந்தாங்கய்யா" என்றார் ஏட்டு. ஒரே தண்டனை, ஒரு மாதம் என்று தீர்ப்பானது.

போலீசோடு வெளியே வந்தபோது வக்கீல் ஐயா, "பஸ்காரன எறக்கிவிட்டது நெசந்தானே?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டீக்கடையில நீ அடிச்ச தம்பட்டம் மலைக்கோட்டை வரைக்கும் கேட்டுச்சேப்பா."

சிரித்துக்கொண்டே திரும்பினேன். வேப்பமரத்தடியில், கட்டுப்போட்ட காலை நீட்டி வண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். "ஏலே அப்பு, ஒனக்கு ஒரு மாசமாமே. எனக்கு எம்புட்டு நாளுன்னு வக்கீலய்யாகிட்ட கேட்டுச் சொல்லேன்" என்றார். குரலில் கோபமே இல்லை, நிஜமாகவே கேட்டார். வக்கீல் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாதம் முடிந்து வந்தேன், வண்டி கிடைத்தது, வளர்ந்தேன். வக்கீல் ஐயா காலமாகி வெகுநாளாகிறது. இப்போது மகனின் காரில் அந்தப் பக்கம் போனாலும், வளைவு வரும்போது மெதுவாகப் போகச் சொல்கிறேன். "ரோடு காலியாத்தானேப்பா கெடக்கு?" என்கிறான். அந்த வண்டிக்காரர் அதற்குப் பிறகு மாடு பூட்டவேயில்லை என்று அவனிடம் நான் சொன்னதில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.