மூன்றாவது இடத்தில் பெரட்டு

இது உண்மையில் நடந்ததா என்று கேட்டால் தனுஷிகா ரெக்கோடரை எடுப்பாள். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுவாள். பதினொரு நிமிடம், நாற்பது விநாடி.

நுவரெலியாவுக்கு மேலே உள்ள தேசியப் பூங்காவில் ஒரே ஒரு இரவு தங்கத்தான் அவளுக்கு அனுமதி. அதற்குள் தவளைகளின் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அந்த ஆய்வு வேலை வேறொருவருக்குப் போய்விடும். துணைக்கு ஷிராணி வந்திருந்தாள். இருவரும் தலவாக்கலைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள்.

கூடாரம் போட மூன்று இடங்கள் இருந்தன. முதல் இடத்தில் கணுக்கால் வரை தண்ணீர். இரண்டாவதில் பதினைந்து பேர், பெரிய ஸ்பீக்கர், பாட்டு. அங்கே எந்தத் தவளை கத்தும்?

"மூணாவது வேணாம் நங்கி," என்றார் பூங்காவின் சிங்களக் காவலர், தங்கையிடம் சொல்வதுபோல்.

"ஏங்க?"

அவர் புத்தகத்தில் நேரத்தை எழுதினார். 4.25.

"நமக்கு மட்டும் சேறு, பாட்டு, இல்லாட்டி 'வேணாம்'. நீ நடடி," என்றாள் ஷிராணி.

மூன்றாவது இடம் நன்றாக இருந்தது. இதைப் போய் வேண்டாம் என்றாரே என்று எரிச்சல் வந்தது. சமமான தரை, பக்கத்தில் ஓடை. ஓரத்தில், கவாத்து வெட்டாமல் மரமாகிவிட்ட ஒரு தேயிலைச் செடி. இடுப்பு உயரக் கிளைகளில் மட்டும் கொழுந்து கிள்ளப்பட்டிருந்தது. காம்பில் இன்னும் ஈரம்.

"மான் தின்னுருக்கும்," என்றாள் ஷிராணி.

மான் இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பார்த்துத் தின்னுமா? தனுஷிகா கூடாரத்தை விரித்தாள். இனி இடம் மாற்ற நேரமில்லை.

5.29. ரெக்கோடரை ஓடைக்கரையில் வைத்தாள். பனி இறங்கியது. ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

5.34. மேட்டிலிருந்து ஓர் ஆண் குரல்.

"நாகலெட்சுமி..."

இடைவெளி.

"பழனியாண்டி..."

இடைவெளி.

பெரட்டு. வேலைக்கு வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது. தோட்டத்தில், விடியற்காலையில் நடப்பது. இங்கே தோட்டம் இல்லை. பொழுதும் விடியவில்லை, சாய்ந்துகொண்டிருந்தது.

பேர்கள் நீண்டன. பிறகு...

"அழகம்மா..."

இடைவெளி.

"அழகம்மா..."

குரலில் சலிப்பு.

ஒருத்தி வரப் பிந்தினால் பக்கத்தில் நிற்பவள் அவளுக்காகக் குரல் கொடுத்துவிடுவாள். பேர் வெட்டுப்பட்டால் அன்றைய கூலி போய்விடுமே. சின்ன வயதில் அம்மாவுக்காக ஷிராணி எத்தனையோ முறை கொடுத்திருக்கிறாள்.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவள் வாய் தானாகவே...

"இருக்கேங்க."

குரல் நின்றது.

ஓடினார்கள்.

காவலர் அவர்களைத் தன் அறையில் உட்காரவைத்தார். தேநீர் கொடுத்தார். காலையில் அவரே போய் ரெக்கோடரை எடுத்து வந்தார். 5.40க்கு நின்றிருந்தது. பற்றரி நிறைய இருந்தது.

வீட்டில் தனுஷிகா அதைக் கேட்டாள். தவளை ஒன்றுகூட இல்லை. வேலை போனது உறுதி. இருந்தாலும் கடைசி வரை கேட்டாள்.

பேர் கூப்பிட்டவனின் குரல் பதிவில் இல்லை.

இடைவெளிகளில் பதில்கள் இருந்தன. "இருக்கேங்க." "இருக்கேங்க." ஒவ்வொன்றும் வேறு குரல். எல்லாமே மைக்குக்குப் பக்கத்தில்.

கடைசியாக ஷிராணியின் "இருக்கேங்க".

அதன் பிறகு, பிந்தி ஓடி வந்த வேறொருத்தி மூச்சு வாங்கும் சத்தம்...

"நான் வந்துட்டேனே... அப்ப அங்க நிக்கிறது யாரு?"